பெட்டியைத் திறக்கும் நான்கு நிமிடம்

நுழையும்முன்

விரைவு வேறு, பதற்றம் வேறு. விரைந்து செய்பவர் என்ன தேடுகிறோம் என்பதை அறிந்தே தொடங்குகிறார். பதறிச் செய்பவர் தொடங்கிய பிறகே தேடுகிறார். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேனீப் பெட்டி ஒன்று எவ்வாறு விளக்குகிறது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பாடம்

தை பிறக்கும் வேளையில் இராசத்தான் மாநிலத்தின் பரத்பூர் வட்டாரம் எங்கும் கடுகுப் பூவின் மஞ்சள் விரிந்து கிடக்கிறது. வயல்களின் ஓரத்தில் மரப்பெட்டிகள் வரிசை வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. அவை தேனீப் பெட்டிகள். அவற்றுக்கு உரியவர்களுள் பலர் அவ்வூரார் அல்லர். பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து பெட்டிகளைச் சரக்குந்துகளில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். கடுகு பூத்து ஓய்ந்ததும் பெட்டிகளின் வாயில்கள் இரவில் கம்பிவலையால் அடைக்கப்படும். மீண்டும் பயணம் தொடங்கும். பங்குனியில் முசாபர்பூரின் லிச்சித் தோப்புகளில் அதே பெட்டிகள் இறங்கியிருக்கும். பூ இருக்கும் இடமே அத்தேனீக்களுக்கு ஊர். தேனீ இருக்கும் இடமே அம்மனிதர்களுக்கு வீடு.

இப்பெட்டிகளில் வாழ்பவை இத்தாலியத் தேனீக்கள். மலைத்தேனீ, கொம்புத் தேனீ, இந்தியத் தேனீ ஆகியவை இந்நாட்டில் தொன்றுதொட்டு வாழ்பவை. இத்தாலியத் தேனீயோ 1962ஆம் ஆண்டில்தான் இமயமலை அடிவாரத்து நக்ரோட்டா பக்வான் என்னும் ஊரில் வெற்றியுடன் குடியேற்றப்பட்டது. வந்தேறிய அவ்வினம் இன்று வட இந்திய வயல்களில் பெருகி வாழ்கிறது.

நூறு பெட்டிகளுடன் வயலோரத்தில் கூடாரம் அடித்திருக்கும் தேனீ வளர்ப்பவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மார்கழி, தை மாதங்களில் அங்கே பனிமூட்டம் விலகவே முற்பகல் பதினொரு மணி ஆகிவிடும். பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் குளிர் திரும்பத் தொடங்கும். பெட்டியைத் திறப்பதற்கு உரிய நேரம் ஒரு நாளில் நான்கு மணி, அதாவது 240 நிமிடங்கள் மட்டுமே. ஒரு பெட்டிக்குப் பத்து நிமிடம் செலவிட்டால் ஒரு நாளில் 24 பெட்டிகளைப் பார்க்கலாம். நூறு பெட்டிகளையும் பார்த்து முடிக்க நான்கு நாள்கள் கடந்து ஐந்தாம் நாளும் வேண்டும். நான்கு நிமிடத்தில் ஒரு பெட்டியைப் பார்க்கத் தெரிந்தவருக்கு இரண்டு நாள்கள் போதும். இடையில் வெயிலே தெரியாத நாள் ஒன்று வந்துவிட்டால் இந்த வேறுபாட்டின் அருமை புரியும்.

ஆயினும் மனிதருடைய நேரம் மிச்சமாகிறது என்பதற்காக மட்டும் இவ்விரைவு தேவைப்படவில்லை. தேனீக்களின் பொருட்டே அது தேவைப்படுகிறது. அடையின் நடுவே முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் வளரும் பகுதியைத் தேனீக்கள் ஏறத்தாழ 35 பாகை வெப்பத்தில் வைத்துக் காக்கின்றன. வெளியே கைவிரல் மரத்துப் போகும் குளிர் இருந்தாலும் அவை நெருங்கி அமர்ந்து, இறக்கைத் தசைகளை அதிரச் செய்து அந்த வெப்பத்தை உண்டாக்குகின்றன. அதற்குரிய எரிபொருள் அவை சேர்த்து வைத்த தேனே. மூடி திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவ்வெப்பம் வெளியேறுகிறது. நெடுநேரம் குளிரில் பிடிக்கப்பட்ட சட்டத்தில் உள்ள இளம்புழுக்கள் இறந்தும் போகலாம்.

அப்படியானால் பெட்டியைத் திறக்காமலே விட்டுவிடலாமே என்று தோன்றும். அதிலும் பேரிடர் உண்டு. ஒரு பெட்டியில் பல்லாயிரம் தேனீக்கள் இருந்தாலும் முட்டையிட்டு இனம் பெருக்குவது இராணித் தேனீ ஒன்றே. வேலை மிகுந்த பருவத்தில் பணித்தேனீயின் வாழ்நாள் ஏறத்தாழ ஆறு வாரம். இறப்போரின் இடத்தைப் பிறப்போர் நிரப்பிக்கொண்டே இருந்தால்தான் குடும்பம் நிலைக்கும். இராணி இறந்துவிட்டால் பணித்தேனீக்கள் சில மணி நேரத்திலேயே அதனை உணர்ந்துகொள்கின்றன. முட்டையிலிருந்து அண்மையில் வெளிவந்த புழுக்கள் சிலவற்றைத் தேர்ந்து, அவற்றின் அறைகளை நீட்டி, சிறப்பு உணவு ஊட்டிப் புதிய இராணியை வளர்க்கின்றன. ஏறத்தாழப் பன்னிரண்டு நாளில் புதிய இராணி வெளிவருகிறது. பிறகு அது வானில் பறந்து ஆண் தேனீக்களுடன் கூடித் திரும்ப வேண்டும். அப்பயணத்தில் அதனைப் பறவை ஒன்று கொத்திச் சென்றுவிட்டால், மற்றோர் இராணியை வளர்ப்பதற்கு உரிய இளம்புழு அப்பெட்டியில் ஒன்றும் எஞ்சியிராது. அதன்பின் அக்குடும்பத்தால் தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாது. நாளடைவில் பணித்தேனீக்கள் சில முட்டையிடத் தொடங்கும். ஆனால் கருவுறாத அம்முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்கள் மட்டுமே பிறக்கும். குடும்பம் சிறுகச் சிறுக அழியும்.

அந்நிலையை உரிய காலத்தில் கண்டுகொண்டால் தீர்வு எளிது. வேறொரு பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள சட்டம் ஒன்றை எடுத்து இதில் வைத்தால் போதும். எஞ்சிய வேலையைத் தேனீக்களே செய்துகொள்ளும். காலம் தாழ்ந்துவிட்டால் அதே சட்டத்தால் பெரும்பாலும் பயன் இல்லை. ஆகவே, திறந்தால் குளிர், திறவாவிட்டால் அழிவு என்னும் இரண்டு தீங்குகளுக்கு இடையே தேனீ வளர்ப்பவர் நிற்கிறார். அந்த இடைவெளியில் அவருக்குக் கிடைப்பதே நான்கு நிமிடம்.

திறமை மிக்கவரின் ஆய்வு மூடியைத் திறக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. அவர் முதலில் வாயிலைப் பார்க்கிறார். திரும்பி வரும் தேனீக்களின் கால்களில் மஞ்சள் நிற மகரந்த உருண்டைகள் தெரிகின்றனவா? மகரந்தம் புழுக்களுக்கு உணவு. அது தாராளமாக உள்ளே செல்கிறது என்றால் உள்ளே ஊட்டுவதற்குப் புழுக்கள் இருக்கின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம். வாயில் முன் தேனீக்கள் மடிந்து கிடக்கின்றனவா? பறக்க இயலாமல் தரையில் ஊர்கின்றனவா? வாயிலில் சண்டை நடக்கிறதா? இவற்றையெல்லாம் நின்ற இடத்திலிருந்தே அறியலாம். அடுத்து, பெட்டியின் பின்புறத்தை ஒரு கையால் சிறிது தூக்கிப் பார்க்கிறார். கனத்தால் தேன் இருப்பு தெரியும். இலேசாக இருந்தால் பசி தெரியும். மூடி இன்னும் திறக்கப்படவில்லை. விடைகளில் பாதி கிடைத்துவிட்டது.

எஞ்சியவை நான்கு வினாக்கள். இராணி நலமாக உள்ளதா? உணவு போதுமா? வளர இடம் உண்டா? நோய் ஏதேனும் உண்டா? இவ்வினாக்களை மனத்தில் வைத்துக்கொண்டே அவர் பெட்டியை நெருங்குகிறார். முகவலை, உளி, புகைப்பான் ஆகிய மூன்றும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு உளியைத் தேடி ஓடுபவர் தம்முடைய நான்கு நிமிடத்தையும் அங்கேயே இழந்துவிடுகிறார்.

புகைப்பானில் கிழிந்த சாக்குத்துணியோ உலர்ந்த தென்னை நாரோ புகைகிறது. வாயிலில் இரண்டு மூன்று முறை மெல்லப் புகையூதி, ஏறத்தாழ ஒரு நிமிடம் அவர் காத்திருக்கிறார். தேனீ கொட்டும்போது கொடுக்கோடு சேர்ந்து ஒரு மணமும் வெளிப்படுகிறது. பழுத்த வாழைப்பழத்தின் மணத்தை ஒத்த அது, ‘பகை வந்தது’ என்று பிற தேனீக்களுக்கு அறிவிக்கும் செய்தி. புகை அந்த மணத்தை மறைத்துவிடுகிறது. புகையை உணர்ந்த தேனீக்கள் தேனை வயிறு நிறைய உண்ணவும் தொடங்குகின்றன. அந்த ஒரு நிமிடப் பொறுமை வீணன்று. அடுத்து வரும் நிமிடங்களுக்கு அமைதியைத் தருவது அதுவே.

அவர் வாயிலுக்கு எதிரே நிற்பதில்லை. தேனீக்களின் வழியை மறிக்காமல் பக்கவாட்டில் நிற்கிறார். கதிரவன் தோளுக்குப் பின்னால் இருக்குமாறு பார்த்துக்கொள்கிறார். சட்டத்தைத் தூக்கும்போது ஒளி அறைகளின் அடிவரை விழுந்தால்தான் முட்டை தெரியும். மூடியை மெல்ல அகற்றி, ஓரத்துச் சட்டத்தை உளியால் நெம்பி முதலில் எடுக்கிறார். ஓரத்தில் பெரும்பாலும் தேனே இருக்கும். இராணி அங்கே இருப்பது அரிது. அச்சட்டத்தை எடுத்து வெளியே சாய்த்து வைத்ததும் பெட்டிக்குள் ஓர் இடைவெளி உண்டாகிறது. இனி நடுச்சட்டங்களை அந்த இடைவெளிப் பக்கம் நகர்த்தி, நேராக மேலே தூக்கலாம். இடைவெளி இல்லாமல் நடுச்சட்டத்தை இழுத்தால் இரு அடைகளுக்கு இடையே தேனீக்கள் உருண்டு நசுங்கும். அவற்றுள் ஒன்று இராணியாக இருந்துவிட்டால், காக்க வந்த கையே குடும்பத்தைக் கெடுத்ததாக முடியும்.

இவ்வாறு சட்டங்களைத் தூக்கிப் பார்க்கும் வாய்ப்பு மனிதருக்குக் கிடைத்து நெடுங்காலம் ஆகிவிடவில்லை. முன்பெல்லாம் அடைகள் பானையின் சுவரோடும் பெட்டியின் சுவரோடும் ஒட்டியே இருந்தன. உள்ளே பார்க்க வேண்டுமானால் அறுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கச் சமயப் போதகரான லாங்ஸ்ட்ராத் 1851ஆம் ஆண்டில் தேனீக்களின் பழக்கம் ஒன்றைப் பயன்படுத்தும் வழியைக் கண்டார். தேனீ நடந்து செல்வதற்கு ஏற்ற, ஏறத்தாழ 6 முதல் 9 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியைத் தேனீக்கள் அடைப்பதில்லை. அதனினும் குறுகிய இடத்தைப் பிசினால் அடைக்கின்றன. அகன்ற இடத்தில் அடை கட்டுகின்றன. சட்டத்தைச் சுற்றிலும் அந்த இடைவெளியை விட்டு அவர் பெட்டியை அமைத்தார். சட்டங்கள் ஒட்டாமல் நின்றன. நூலின் பக்கங்களைப் புரட்டுவது போலக் கூட்டைப் பார்க்கும் வழி பிறந்தது.

நடுச்சட்டம் மேலே வருகிறது. அவர் அதனைப் பெட்டிக்கு நேர் மேலேயே பிடித்திருக்கிறார். இராணி தவறி விழுந்தாலும் வீட்டுக்குள்ளேயே விழும். இராணியைத் தேடி அவர் நேரம் கழிப்பதில்லை. அனுபவம் இல்லாதவர் இராணியைக் கண்ணால் கண்டால்தான் மனநிறைவு அடைவார். பல்லாயிரம் தேனீக்களுக்கு நடுவே ஒன்றைத் தேடிச் சட்டம் சட்டமாகப் புரட்டுவார். அறிந்தவர் முட்டையைத் தேடுகிறார். அரிசிக் குருணையினும் சிறிதாய், வெண்ணிற நூலிழை போல, அறையின் அடியில் முட்டை ஒட்டியிருக்கும். இட்ட நாளில் அது நிமிர்ந்து நிற்கும். மெல்ல மெல்லச் சாய்ந்து, மூன்றாம் நாள் படுத்துக்கொள்ளும். பின்னர்ப் புழு வெளிவரும். அறைக்கு ஒன்றாக முட்டை தெரிந்தால் மூன்று நாளுக்குள் இராணி அங்கே இருந்தது உறுதி. நிமிர்ந்த முட்டை தெரிந்தால் அது நேற்றோ இன்றோ அங்கே நடமாடியிருக்கிறது. முதல் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது.

அதே சட்டம் மற்ற வினாக்களுக்கும் விடை சொல்கிறது. நடுவே மூடப்பட்ட கூட்டுப்புழு அறைகள். அவற்றைச் சூழ்ந்து வெண்புழுக்கள். அப்பால் மகரந்த வளையம். மேல் மூலைகளில் தேன். இந்த ஒழுங்கு இருந்தால் குடும்பம் நலமுடன் உள்ளது. அறை மூடிகள் சீராக, சற்றே மேடாக, பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். மூடிகள் குழிந்தோ, ஓட்டை விழுந்தோ, இடையிடையே வெற்றறைகள் சிதறியோ இருந்தால் அங்கே நின்று கூர்ந்து பார்க்க வேண்டும். புழுக்கள் முத்துப்போல் வெண்மையாக இருக்க வேண்டும். நிறம் மாறியிருந்தால் நோய் என்று ஐயுற வேண்டும். அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போலத் தொங்கும் நீண்ட அறைகள் தெரிந்தால், அவை இராணி அறைகள். குடும்பம் பிரிந்து செல்ல விரும்புகிறது என்பதற்கோ, இராணியை மாற்ற முனைகிறது என்பதற்கோ அவை அறிகுறி.

இரண்டு அல்லது மூன்று சட்டங்களில் நான்கு வினாக்களுக்கும் விடை கிடைத்துவிடும். விடை கிடைத்த உடனே நிறுத்துவதுதான் இக்கலையின் கடினமான பகுதி. திறந்த பெட்டி மனிதரின் ஆவலைத் தூண்டுகிறது. இன்னும் ஒரு சட்டம், இன்னும் ஒரு சட்டம் என்று கை நீளுகிறது. வினா இல்லாமல் தூக்கப்படும் ஒவ்வொரு சட்டமும் தேனீக்களின் கணக்கில் இழப்பாகவே எழுதப்படுகிறது. ஆனால் விடைகளுள் ஒன்று ஐயத்துக்கு உரியதாக இருந்தால், நான்கு நிமிடம் என்னும் கணக்கை அவர் தயங்காமல் கைவிடுகிறார். முட்டையைக் காணாத பெட்டிக்குப் பதினைந்து நிமிடமும் கொடுக்கலாம். நலமாக உள்ள பெட்டிகளில் மிச்சப்படுத்திய நேரம், நலம் குன்றிய பெட்டிக்கு உரியது. எல்லாவற்றுக்கும் சமமாக நேரத்தைப் பங்கிடுபவர் எந்தப் பெட்டிக்கும் உதவுவதில்லை.

பார்த்த சட்டங்கள் அதே வரிசையில், அதே முகம் நோக்கி உள்ளே செல்கின்றன. முட்டையும் புழுவும் உள்ள சட்டம் ஓரத்துக்குப் போய்விட்டால் குளிர் அதனைத் தாக்கும். மூடியை அவர் ஓசையின்றிப் பக்கவாட்டில் நகர்த்தி மூடுகிறார். விளிம்பில் நிற்கும் தேனீக்களுக்கு விலகிச் செல்ல அவகாசம் கிடைக்கிறது. பிறகு, கண்டதை உடனே குறித்து வைக்கிறார். ‘முட்டை உண்டு’, ‘தேன் குறைவு’, ‘ஏழாம் நாள் பார்க்க’ என்பன போன்ற இரண்டு மூன்று சொற்கள் போதும். நூறு பெட்டிகளையும் நினைவில் வைத்திருக்கலாம் என்று நம்புவது, எந்தப் பெட்டிக்கு உதவி தேவை என்பதை மறப்பதற்கு வழியாகும்.

தென்கோடியில் உள்ள கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதியிலும் இக்கலை நெடுங்காலமாக வாழ்கிறது. அங்கே வளர்க்கப்படுவது பெரும்பாலும் இந்தியத் தேனீ. வீடு, நியூட்டன் என்னும் பாதிரியாரின் பெயரால் வழங்கும் சிறு பெட்டி. இரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும் பருவத்தில், தளிரின் காம்பில் சுரக்கும் இனிய நீரைத் தேனீக்கள் தேனாக்குகின்றன. இந்தியத் தேனீ உருவில் சிறியது. ஆனால் தன்மானம் மிக்கது. அடிக்கடி கூட்டைக் கலைத்தால், குடும்பம் முழுவதும் ஒரு நாள் பெட்டியை விட்டு வெளியேறிவிடும். திரும்பி வாராது. ஆகவே அங்கே விரைந்து பார்க்கும் திறமை இன்னும் இன்றியமையாதது.

1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பரவிய பைப்புழு நோய் இந்தியத் தேனீக் குடும்பங்களுள் மிகப் பலவற்றை அழித்தது. நோயுற்ற புழு கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் நிறைந்த சிறு பை போல ஆகி அறைக்குள்ளேயே இறந்து கிடந்தது. பெட்டிகள் வெறுமையாயின; பலர் தொழிலை விட்டனர். எஞ்சிய குடும்பங்களிலிருந்தே இனம் மீண்டும் பெருக்கப்பட்டது. அறை மூடியில் தெரியும் சிறு மாற்றத்தைக் கவனிக்கும் கண்ணுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை அந்த ஆண்டுகள் உணர்த்தின.

பழந்தமிழில் தேனடைக்கு ‘இறால்’ என்று ஒரு பெயர் உண்டு. இன்று அச்சொல் நீரில் வாழும் உயிரை மட்டுமே நினைவூட்டுகிறது. ‘தேன்’ என்னும் சொல்லே முற்காலத்தில் ஒருவகை வண்டினத்தையும் குறித்தது. உயரத்தில் தொங்கும் அடையைக் கண்டு வியந்த காலம் அது. இன்று அடை கைக்கு எட்டும் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிக்கு விலை கொடுத்தவர் மனிதர். ஆயினும் உள்ளே நடக்கும் வாழ்வுக்கு அவர் தலைவர் அல்லர். தேனீக்கள் அவரை அறிவதில்லை; அவருடைய ஆணைக்குக் கட்டுப்படுவதும் இல்லை. எப்போது பார்க்க வேண்டும், எவ்வளவு பார்க்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பவற்றை அறிவதே அவரால் செய்யக்கூடிய உதவி.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது பழமொழி. கடுகு வயலின் ஓரத்தில் அறுபதாவது பெட்டியை மூடும்போதும், முதல் பெட்டியை மூடியபோது இருந்த அதே மென்மை கையில் இருக்குமானால், அந்தக் கை விரைவைக் கற்றுக்கொண்டுவிட்டது எனலாம்.

பயிற்சி

அ. சிந்தித்து விடை எழுதுக.

1. பெட்டியைத் திறக்கும் முன்பே தேனீ வளர்ப்பவர் அறிந்துகொள்ளும் செய்திகள் யாவை?
2. இராணியைத் தேடாமல் முட்டையைத் தேடுவது ஏன்?
3. ‘காக்க வந்த கையே குடும்பத்தைக் கெடுத்ததாக முடியும்’ – இத்தொடர் எந்தச் சூழலில் கூறப்படுகிறது?
4. எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே அளவு நேரம் கொடுப்பது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஆ. பின்வரும் சொற்களைத் தொடரில் அமைத்து எழுதுக.

தொன்றுதொட்டு, இன்றியமையாத, ஐயம், அவகாசம், சிறுகச் சிறுக

இ. செயல்பாடு

நீர் வாழும் மாநிலத்தில் தேனீக்கள் நாடி வரும் பயிர் அல்லது மரம் ஒன்றை அறிந்து, அது எந்த மாதத்தில் பூக்கிறது என்பதை வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.